கம்போடியா பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியா போகலாம் என்று முடிவு செய்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் அங்கே போகிறவர்களுக்குப் பெரிய எதிரி. நாலு கோயிலை நிதானமாகப் பார்த்தவர் சொல்வதற்கும், இருபது கோயில் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தவர் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நினைப்பிலிருந்து எழுதியவை.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

குறைந்தது ஆறு நாள். சியெம் ரீப் நகரில் நாலு நாள், தலைநகர் புனோம் பென்னில் இரண்டு நாள். பழங்காலக் கம்போடியாவின் தலைநகரான அங்கோரின் கோயில்கள் எல்லாம் சியெம் ரீப்பைச் சுற்றித்தான் இருக்கின்றன. "தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, எட்டு நாள்" என்று விற்கும் பேக்கேஜ்களில் அங்கோருக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, மாலைக்குள் ஆறு கோயிலைக் காட்டி முடித்துவிடுவார்கள். மூன்றாவது கோயிலுக்கு மேல் கண் எதையும் வாங்காது. மூன்று நாடுகளில் ஒன்றை விட்டுவிட்டு, அந்த நாட்களைக் கம்போடியாவுக்குக் கொடுங்கள்.

எந்த மாதம் போனால் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை இருக்காது, வெயிலும் தாங்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். மார்ச் முதல் மே வரை அடிக்கும் வெயிலில் கோயில் படிகளில் கை வைக்க முடியாது.

மழைக்காலத்தை நம்மவர்கள் தேவையில்லாமல் ஒதுக்குகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வந்து கொட்டிவிட்டு நின்றுவிடும். கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு, அகழியெல்லாம் தண்ணீர், கல்லெல்லாம் பச்சைப் பாசி. வழுக்காத செருப்பு மட்டும் வேண்டும்.

விசா, விமானம் எப்படி?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டும். அரசு இணையதளத்தில் இ-விசா எடுக்கலாம், விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கலாம். சுற்றுலா விசாவின் அடிப்படைக் கட்டணம் 30 டாலர், 30 நாள் தங்கலாம். தேடும்போது அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், அவை கூடுதல் பணம் பிடுங்கும். முகவரியைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். விமானத்தில் போகிறவர்கள் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா தேவையில்லை.

சென்னையிலிருந்து போகிறவர்கள் கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் ஆகிய ஊர்களில் ஒன்றில் விமானம் மாறுவது வழக்கம். 2023 அக்டோபரில் திறந்த சியெம் ரீப்பின் புது விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தைக் கணக்கில் வையுங்கள். பழைய வலைப்பதிவுகளில் "பத்து நிமிடம்" என்று இருப்பது பழைய நிலையத்தைப் பற்றியது.

தாய்லாந்திலிருந்து பஸ்ஸில் எல்லை கடந்து போகலாமா?

முன்பு பலர் அப்படித்தான் போனார்கள். 2025 ஜூலையில் இரு நாட்டு ராணுவங்களும் எல்லையில் மோதிக்கொண்டன, தரைவழிக் கடப்புகள் மூடப்பட்டன. அன்றைய நிலவரத்தை விசாரிக்காமல் தரைவழியை நம்பித் திட்டம் போட வேண்டாம். விமானம்தான் நிம்மதி.

அங்கோர் டிக்கெட் எவ்வளவு?

ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் டிக்கெட்டைப் பத்து நாட்களுக்குள் விருப்பப்பட்ட எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ச்சியாகப் போக வேண்டும் என்பதில்லை. நடுவில் ஒரு நாள் ஓய்வெடுக்கலாம் என்பதால் எல்லோருக்கும் இதையே சொல்வேன். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம், வயதைக் காட்டக் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். டிக்கெட்டில் உங்கள் படம் அச்சாகும், அதனால் ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் 2 டாலர் கந்தபோபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. அங்கே குழந்தைகளுக்குச் சிகிச்சை இலவசம்.

அங்கோர் வாட்டில் எதைப் பார்க்க வேண்டும்? உள்ளே போனதும் தலை சுற்றுகிறது என்கிறார்கள்.

சுற்றத்தான் செய்யும். 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பிய கோயில் இது. அகழி மட்டும் 190 மீட்டர் அகலம். நடுக்கோபுரம் 65 மீட்டர் உயரம். பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் நேராக நடந்து, நடுக்கோபுரத்தில் ஏறி இறங்கித் திரும்பிவிடுகிறார்கள். கோயிலின் உயிர் முதல் பிராகாரத்துச் சுவரில் இருக்கிறது. நாலு பக்கமும் நீளும் அந்தப் புடைப்புச் சிற்பங்களுக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள்.

மேற்கு வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் குருக்ஷேத்திரம். இரண்டு படைகளும் இரண்டு முனைகளிலிருந்து அணிவகுத்து வந்து நடுவில் கைகலக்கின்றன. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், வழிகாட்டி சொல்லத் தேவையில்லை. அப்படியே தெற்குப் பக்கம் திரும்பினால் சூரியவர்மனின் ஊர்வலம், அதை அடுத்து எமனும் சித்திரகுப்தனும் தீர்ப்புச் சொல்லும் காட்சி. 37 சொர்க்கங்களும் 32 நரகங்களும் அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நரகத்தைத்தான் சிற்பிகள் கூடுதல் அக்கறையோடு செதுக்கியிருக்கிறார்கள்.

கிழக்குச் சுவரின் தென்பாதியில் பாற்கடல் கடையும் காட்சி. ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி. வாசுகியை ஒரு பக்கம் அசுரர்களும் மறு பக்கம் தேவர்களும் பிடித்து இழுக்கிறார்கள். நடுவில் திருமால், கீழே ஆமை. எல்லோரும் திருமாலைப் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஓரங்களில் மீன்களும் முதலைகளும் முழுசாக நீந்துகின்றன. மத்துக்கு அருகே வர வர அவை துண்டு துண்டாக வெட்டுப்பட்டுச் சிதறுகின்றன. கடைகிற வேகத்தைக் காட்ட அந்தச் சிற்பி கண்ட வழி அது. அதைப் பார்த்த பிறகு அந்தச் சுவரை விட்டு நகர மனசு வராது.

வடமேற்குப் பக்கம் இலங்கைப் போர். அனுமன் தோள்மீது நின்று ராமன் அம்பு விடுகிறான், எதிரே தேரில் பத்துத் தலை ராவணன்.

மேல்தளத்துக்குப் போகும் படி மிகச் செங்குத்து. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், கையில்லாத மேலாடைக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பௌத்த விரத நாட்களில் மேல்தளத்தை மூடிவிடுவார்கள்.

சூரிய உதயம் பார்க்கத்தான் வேண்டுமா?

கோயில் மேற்கு பார்த்தது. அதனால் உதயத்தின்போது கோபுரங்கள் கறுத்த நிழலாகத்தான் தெரியும். வடக்குக் குளக்கரையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாக வரும் நாட்களை ஒட்டிச் சூரியன் நடுக்கோபுரத்தின் நேர் உச்சியில் எழும், அப்போது போகிறவர்கள் விடக்கூடாது. மற்ற நாட்களில் ஒரு முறை பார்த்தால் போதும். உதயம் முடிந்ததும் கூட்டம் காலை உணவுக்குக் கலைந்துவிடும். அந்த நேரத்தில் சிற்பச் சுவர் உங்களுக்கே சொந்தம். சிற்பத்தின் முகப்பு வெளிச்சத்தில் மின்னுவதைப் பார்க்க மாலை நாலு மணிக்கு இன்னொரு முறை வாருங்கள்.

அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னன் கட்டினான் என்று வாட்ஸாப்பில் வருகிறதே?

இல்லை. கட்டியது கம்போடியாவின் பெரும்பான்மை இனமான கெமர் இனத்து மன்னன், செதுக்கியது கெமர் சிற்பிகள். கல் வெட்டியது அங்கிருந்து வடகிழக்கே உள்ள குலேன் மலையடிவாரத்தில். சோழர் கட்டினர், பல்லவர் கட்டினர் என்று சுற்றிவரும் செய்திகளுக்கு ஆதாரம் கிடையாது. அந்த மக்களின் முன்னோர் உழைப்பை நாம் எடுத்துக்கொள்வது மரியாதையும் அல்ல.

உறவு இருந்தது, அது உண்மை. கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழியில் வந்தது. ஆண்டுக் குறிப்போடு கிடைத்த மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு கி.பி. 611ஐச் சேர்ந்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு ஒன்று, காம்போஜ (கம்போடிய) அரசன் அனுப்பிய கல் கோயிலில் பதிக்கப்பட்டதைச் சொல்கிறது. கடல் தாண்டி இரு பக்கமும் போக்குவரத்து இருந்திருக்கிறது. பெருமைப்பட இதுவே நிறைய.

இன்னொரு தொடர்பு நம் காலத்தது. உள்நாட்டுப் போரால் நாடு சிதைந்து கிடந்த நேரத்தில், 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் பழுதுபார்க்கும் வேலை செய்தது. பிறகு தா புரோம் கோயிலிலும் அந்தத் துறையின் வேலை தொடர்ந்தது.

மற்ற கோயில்களில் எவை முக்கியம்?

பயோன், தா புரோம், பந்தேய் ஸ்ரேய். நேரம் இருந்தால் பிரேயா கான்.

பயோன், அங்கோர் தோம் என்ற கோட்டை நகரத்தின் நடுவில் இருக்கிறது. ஏழாம் ஜெயவர்மன் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. கோபுரங்களில் இருநூறுக்கு மேற்பட்ட பெரிய முகங்கள், கண்ணை லேசாக மூடிப் புன்னகைக்கின்றன. முகங்களைப் படம் எடுத்துவிட்டு வெளிச்சுவருக்கு வாருங்கள். சாமியும் அரசனும் ஒதுங்கி நிற்க, சாதாரண ஜனங்கள் அங்கே வாழ்கிறார்கள். சந்தையில் மீன் விற்கிறாள் ஒருத்தி, சேவல் சண்டைக்குப் பந்தயம் கட்டுகிறார்கள், ஒரு பெண் பிரசவிக்கிறாள், சோறு வேகிறது. பக்கத்திலேயே, இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சாம்பா நாட்டுப் படையோடு நடந்த படகுச் சண்டை.

தா புரோம், 1186இல் அதே மன்னன் தன் தாயின் நினைவாக எழுப்பியது. ராட்சத மரங்களின் வேர்கள் கூரையிலிருந்து வழிந்து இறங்கிச் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் படங்களில் பல இங்கே எடுத்தவைதான். வேர்களை வெட்டினால் சுவர் சரியும், விட்டாலும் ஒருநாள் சரியும் என்ற இக்கட்டில்தான் பராமரிப்பு வேலை நடக்கிறது. திறந்தவுடன், ஏழரை மணிக்கே போங்கள். பத்து மணிக்கு மேல் நெரிசல்.

பந்தேய் ஸ்ரேய் தூரமாச்சே, போகத்தான் வேண்டுமா?

கண்டிப்பாக. சியெம் ரீப்பிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கி.பி. 967இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில், கட்டியவர் மன்னரல்ல, யக்ஞவராகர் என்ற அரசவை அந்தணர். கோயில் சின்னதுதான். ஆனால் அந்த இளஞ்சிவப்பு மணற்கல்லில் செய்திருக்கும் நுணுக்க வேலை வேறெங்கும் கிடையாது. கயிலையைப் பெயர்க்கும் ராவணன், காமனை எரிக்கும் சிவன், காண்டவ வனத்துத் தீயை அணைக்க மழை பொழியும் இந்திரன் என்று ஒவ்வொரு வாசலின் மேலும் ஒரு கதை.

நடனமாடும் சிவன் இருக்கும் வாசல் முகப்பைத் தேடிப் பாருங்கள். அவர் காலடியில் வற்றிய மார்பும் எலும்பு தெரியும் உடலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். காரைக்காலில் பிறந்து திருவாலங்காட்டில் பாடிய அம்மை, கம்போடியக் காட்டுக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார். தமிழ் படித்தவர் யாரும் இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் எண்ணம்.

போகிற வழியில் பிரேயா டாக் என்ற கிராமம். சாலையோரத்தில் பெரிய இரும்பு வாணலியில் பதனீர் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள். நம் ஊர்ப் பனைமரமேதான், கம்போடியாவின் தேசிய மரமும் அதுதான். பாகு இறுகியதும் ஓலை வளையத்தில் ஊற்றிச் சின்னச் சின்ன வில்லைகளாக எடுப்பார்கள். கருப்பட்டியைவிட நிறம் வெளுப்பு. நின்று, பார்த்து, வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னும் தள்ளியிருக்கும் கோயில்கள்?

கோ கேர், 928 முதல் 944 வரை தலைநகராக இருந்த ஊர். காட்டுக்கு நடுவில் ஏழடுக்குப் பிரமிடு, 36 மீட்டர் உயரம். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு முழு நாள் வேண்டும். சம்போர் பிரேய் குக் புனோம் பென் போகும் வழியில் கம்போங் தோம் அருகே இருக்கிறது. மாமல்லபுரம் உருவான அதே 7ஆம் நூற்றாண்டில் எழுந்த செங்கல் கோயில்கள், எண்கோண வடிவில் சில. கூட்டமே இருக்காது. மலையுச்சியில் உள்ள பிரேயா விகேர் அழகானது, ஆனால் தாய்லாந்து எல்லையில் இருப்பதால் இப்போதைக்குத் தவிர்ப்பதே நல்லது.

தள்ளியிருக்கும் இடங்களில் நடைபாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் போகாதீர்கள். போர்க்காலத்துக் கண்ணிவெடிகளை நாட்டின் பல பகுதிகளில் இன்னும் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஆப்பிரிக்கப் பெரு எலிகளும் வேலை செய்கின்றன. மகாவா என்ற எலிக்கு 2020இல் இங்கிலாந்தில் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். எலிகளைப் பழக்கும் அப்போப்போ அமைப்பு சியெம் ரீப்பில் வைத்திருக்கும் மையத்தில் அந்த எலிகளைப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

தோன்லே சாப் ஏரியில் படகுப் பயணம் போகலாமா?

தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து ஓடிய ஆறு திசை மாறி ஏரிக்குள்ளேயே தண்ணீரைத் தள்ளும். கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் போல இருக்கும் ஏரி பல மடங்கு விரிந்துவிடும். நவம்பர் வாக்கில் ஆறு மறுபடி திரும்பும்போது தண்ணீர்த் திருவிழா, தலைநகரில் படகுப் போட்டி.

அதனால் ஏரிக்குப் போக நல்ல காலம் ஆகஸ்ட் முதல் டிசம்பர். கம்போங் பிலுக், கம்போங் கிளியாங் கிராமங்களில் வீடுகள் உயரமான மரக்கால்கள்மேல் நிற்கின்றன. ஊருக்குப் பக்கம் என்று சோங் க்னியாஸ் கூட்டிப் போவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே படகு நடுவழியில் நின்று, "பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுங்கள்" என்று பல மடங்கு விலை சொல்லும் வழக்கம் உண்டு. அநாதை இல்லங்களைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். குழந்தைகள் காட்சிப்பொருள் அல்லர்.

புனோம் பென்னில் அந்தக் கொலைக்களங்களைப் பார்க்கத்தான் வேண்டுமா?

பார்க்க வேண்டும். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தார்கள். உங்களுக்கு டுக்டுக் (நம் ஊர் ஆட்டோ போன்ற வண்டி) ஓட்டும் ஐம்பது வயதுக்காரரின் குடும்பத்தில் யாரோ ஒருவரை அந்தக் காலம் கொண்டுபோயிருக்கும். துவோல் ஸ்லெங் ஒரு பள்ளிக்கூடம். அதைச் சிறையாக்கி ஆயிரக்கணக்கானவர்களைச் சித்திரவதை செய்தார்கள், உயிர் தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கைதிகளை உள்ளே கொண்டுவந்ததும் எடுத்த படங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. அவர்களைக் கொன்று புதைத்த சோயுங் எக் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கே 8,895 உடல்களைத் தோண்டியெடுத்தார்கள். இரண்டு இடமும் 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஒலி வழிகாட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், செல்ஃபி வேண்டாம், சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம். அன்றைக்கு வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

மறுநாள் தேசிய அருங்காட்சியகமும் அரண்மனையும். அரண்மனைக்குள் உள்ள வெள்ளி விகாரத்தின் தரையில் ஐயாயிரத்துக்கு மேல் வெள்ளி ஓடுகள். அருங்காட்சியகம் என்னை அதிகம் கட்டிப்போட்டது. கோ கேரில் பீமனும் துரியோதனனும் மோதும் காட்சியை முழு உருவச் சிலைகளாகச் செய்து வைத்திருந்தார்கள். போர்க்காலத்தில் கொள்ளையர்கள் கணுக்காலோடு வெட்டியெடுத்து விற்றுவிட்டார்கள், பாதங்கள் மட்டும் பீடத்தில் எஞ்சின. பாதத்தோடு சிலையைப் பொருத்திக் காட்டித்தான் உரிமையை நிலைநாட்டினார்கள். 2014இல் துரியோதனனும் பீமனும் அமெரிக்காவிலிருந்து வீடு திரும்பினார்கள்.

கடற்கரை உண்டா?

உண்டு. கோ ரோங், கோ ரோங் சன்லோயெம் தீவுகளில் நல்ல வெண்மணல். ஆனால் கடலுக்காக மட்டும் கம்போடியா போகத் தேவையில்லை. தெற்கே போவதானால் கம்போட், கெப் ஊர்களுக்குப் போங்கள். மிளகுத் தோட்டம், கெப் சந்தையில் பச்சை மிளகுக் கொத்தோடு வதக்கிய நண்டு.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் விசாரிக்க வேண்டும். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், இறைச்சி இல்லை என்றால் சைவம் என்றே நினைப்பார்கள். "மீன் சாறு வேண்டாம், பிரகோக் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள். பிரகோக் என்பது புளிக்கவைத்த மீன் விழுது. சியெம் ரீப்பில் இந்திய உணவகங்களும் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் தேங்காய்ப் பாலில் ஆவியில் வேகவைத்த மீன் அமோக்கை விடாதீர்கள்.

வயதான பெற்றோரைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அங்கோர் வாட்டின் சிற்பப் பிராகாரமும் பந்தேய் ஸ்ரேயும் போதும், இரண்டிலும் ஏற்றம் குறைவு. மதியம் பதினொன்று முதல் மூன்று வரை அறையில் ஓய்வு. டுக்டுக்கை நாள் வாடகைக்கு எடுங்கள், ஓட்டுநர் வாசலில் காத்திருப்பார்.

பணம் எப்படிக் கொண்டுபோவது?

டாலர் எங்கும் செல்லும். சில்லறையை உள்ளூர் நாணயமான ரியெலில் தருவார்கள், ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல். கிழிசல் உள்ள, கறை படிந்த டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாகப் புதியவற்றைக் கொண்டுபோங்கள்.

என்ன வாங்கி வரலாம்?

கம்போட் மிளகு, பனை வெல்லம், க்ரமா என்ற கட்டம் போட்ட பருத்தித் துண்டு. மிளகை, கம்போட் பெயருக்குரிய புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சந்தையில் மொத்தமாகக் குவித்து விற்பது வேறு ஊர் மிளகாக இருக்கலாம். பழைய சிற்பத் துண்டு என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடாதீர்கள். பழம்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம். புதிதாகச் செதுக்கிய கல் சிற்பம் வேண்டுமென்றால் கடையில் ரசீது வாங்கி, விமான நிலையத்தில் கேட்டால் காட்டும்படி கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.